ஆறரை மணித் தொடருக்கு நான் சொன்ன தீர்ப்பு

1

போன கோடையில் எனக்கு ஒரு நீதிபதி வேலை கிடைத்தது. சம்பளம் கிடையாது, காப்பியும் காராச்சேவும் உண்டு. பாளையங்கோட்டையில் என் அண்ணன் குடியிருக்கும் தெருவில், சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு ஆங்கிலத் தொடர் வந்துகொண்டிருந்தது. ஒரு உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையன்களும் பெண்களும் அடிக்கிற கூத்துதான் கதை. அதை வயசுப் பிள்ளைகள் பார்க்கலாமா, கூடாதா என்று நான் சொல்ல வேண்டும். பார்க்கலாம் என்றால் அந்தச் சேனல் இருக்கும். கூடாது என்றால் கேபிள்காரர் அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவார்.

நான் அமெரிக்காவில் ஒஹாயோவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் இங்கே ஒருவரும் என்னிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. மழை வருமா என்றுகூடக் கேட்டதில்லை, அதற்கு டெலிபோனில் தனி நம்பர் இருக்கிறது. அப்படி இருந்தவளைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தால் தலை கால் புரியுமா? எனக்குப் புரியவில்லை.

2

அந்தத் தொடர் எனக்குப் புதிதில்லை. இங்கே என் வீட்டில் தினமும் ஓடுகிற ஒன்றுதான்.

நான் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் பாலம் கட்டுகிற கம்பெனியில் எஞ்சினியர். திங்கட்கிழமை காலையில் வேறு ஊருக்குப் போனால் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் முகத்தைப் பார்க்கலாம். மகள் வடிவுக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் தானே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவாள். நான் வருவதற்குள் இருட்டிவிடும். குளிர்காலத்தில் இங்கே சூரியனுக்கு வேலை நேரம் ரொம்பக் குறைச்சல்.

ஒரு நாள் கார்க் கதவைச் சாத்தும்போதே வீட்டுக்குள்ளிருந்து பத்து இருபது பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. வடிவுக்குக் கூட்டாளிகள் வந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எல்லாருக்கும் வெங்காய பஜ்ஜி போட மாவு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன். சோபாவில் அவள் மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு டிவியிலிருந்து வந்தது. அவள் சிரிக்கவும் இல்லை, பரீட்சைக்குப் படிக்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது நல்ல தொடரா என்று அடுப்படியிலிருந்து ஒரு கண்ணால் நானும் ஒரு வாரம் பார்த்தேன். நம் ஊர்த் தாய்மார்களுக்கு இதில் இரண்டே சோதனைதான். முத்தம் எவ்வளவு நேரம், பாவாடை எவ்வளவு நீளம். முத்தம் சட்டென்று முடிந்துவிட்டது. பாவாடை ஏதோ இருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்கள் பேசிய இங்கிலீஷில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆஸ்பத்திரி இங்கிலீஷ் வேறு, பிள்ளைகள் இங்கிலீஷ் வேறு.

3

இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டை வருகிறது, இதோ வருகிறது என்று வக்கீல் சொல்லிச் சொல்லியே ஏழு வருஷம் ஊருக்குப் போக முடியாமல் போயிற்று. நடுவில் போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று பயமுறுத்தி வைத்திருந்தார். ஒரு வழியாகப் போன கோடையில், இங்கே பள்ளிக்கூடம் மூடியதும், நானும் வடிவும் கிளம்பினோம். கடைசியாக ஊரைப் பார்த்தபோது அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. இப்போது என்னை விட உயரம்.

அண்ணன் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறான். அவன் மகள் பகவதிக்கும் வடிவுக்கும் ஒரே வயது. இரண்டு பேரும் ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் நாளே வடிவு வாயைத் திறந்ததும் பகவதியின் கூட்டாளிகள் கெக்கலி கொட்டிச் சிரித்துவிட்டார்கள். குற்றம் அவள் தமிழில் இல்லை, அந்தத் தமிழின் வயதில். நான் ஊரை விட்டுப் போனபோது பேசிய பேச்சை அப்படியே என்னிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறாள். கிணற்றடியில் நின்று பேசுகிற மாமியைப் போலப் பேசுவாள். பிள்ளைகள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் மாடிப்படியில் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், போய்விடுவாள்.

அந்த நேரத்தில்தான் தெருவில் சேனல் சண்டை நடந்துகொண்டிருந்தது. கேபிள்காரர் செல்லத்துரை தன் வீட்டு மாடியில் பெரிய டிஷ் வைத்துத் தெரு முழுக்கக் கம்பி இழுத்திருந்தார். அவருடைய கருவியில் இத்தனை சேனல்தான் அடங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுக்க வேண்டும். ஆறரை மணிக்குப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு இங்கிலீஷ் கூத்துப் பார்க்கிறார்கள் என்று பெற்றவர்கள் அவரிடம் போனார்கள். இங்கிலீஷ் வளரட்டும் என்று வேறு சிலர் போனார்கள். அவர் இரண்டு கட்சியையும் தாசில்தார் அண்ணாச்சியிடம் அனுப்பிவிட்டார். அண்ணாச்சி ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் அந்தத் தெருவுக்கு இன்னும் தாசில்தார்தான்.

அவர் அண்ணனிடம், "வே, உம்ம தங்கச்சி அந்த ஊருலேயே குடும்பம் நடத்துதா. அவளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது? அவ பாத்துச் சொல்லட்டும், அதுக்கு மேல பேச்சு இல்ல" என்றார்.

இப்படித்தான் எனக்குப் பதவி வந்தது.

4

அண்ணன் வீட்டு டிவிதான் தெருவிலேயே பெரிது. சனிக்கிழமை ஆறு மணிக்கே கூடம் நிறைந்துவிட்டது. ஆண்களுக்கு நாற்காலி, பெண்களுக்குப் பாய். பிள்ளைகள் வெளியே போக வேண்டும் என்று உத்தரவு. அவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே இருந்தார்கள். எனக்குத் தாசில்தார் அண்ணாச்சி பக்கத்தில் நாற்காலி.

தொடர் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அண்ணாச்சி விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"ஏ கோமதி, வாத்தியாரு நிக்காரு. அந்தப் பய அவரு மேசை மேல ஏறி உக்காந்திருக்கான். அவரும் சிரிச்சுக்கிட்டே பேசுதாரு. என்ன பள்ளிக்கூடம் இது?"

"அங்க அப்படித்தான் அண்ணாச்சி."

"அடிக்க மாட்டாவளா?"

"அடிச்சா வாத்தியாரைப் பிடிச்சு உள்ள வச்சிருவாவ."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அடுத்து முத்தம் வந்தபோதுகூட அவர் முகம் அவ்வளவு சுருங்கவில்லை. மேசையில் உட்கார்ந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அண்ணன் மனைவி மதினிக்கு வேறு சந்தேகம். "யாரு சிரிக்கா? ஆளையே காணமே" என்றாள்.

"சிரிப்பை முன்னாலேயே பிடிச்சு வச்சு, வேணுங்க இடத்துல போடுவாவ மதினி."

"ஏன், நாம சிரிக்க மாட்டோம்னு சந்தேகமா அவனுவளுக்கு?"

அந்தச் சந்தேகம் நியாயம்தான். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. டிவி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. "அவன் என்ன சொன்னான்?" என்று எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கே புரிந்தது? "அது ஏதோ பரீட்சையப் பத்தி" என்று சும்மா அடித்துவிட்டேன்.

"பரீட்சை இல்லம்மா."

மாடிப்படிப் பக்கமிருந்து வடிவின் குரல். அந்தப் பக்கத்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். "அவன் நேத்து அந்தப் பிள்ளைக்கு ஃபோன் பண்ணிருக்கான். அவ அப்பா எடுத்துட்டாரு. இவன் பயந்துபோயி, பரோட்டாக் கடையில இருந்து பேசுதேன்னு சொல்லிட்டான். அவரு பத்து பரோட்டா கொண்டு வாலேன்னுட்டாரு. இப்ப பொட்டலத்தோட வாசல்ல நிக்கான், பாருங்க."

அங்கே பரோட்டாவும் கிடையாது, 'லே'யும் கிடையாது. அது பீட்சா என்று எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. கூடம் வெடித்துச் சிரித்தது. தாசில்தார் அண்ணாச்சி காராச்சேவு புரையேறி இருமினார். ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள் அனுமதி கேட்காமல் உள்ளே வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "வடிவக்கா, இது யாரு? வடிவக்கா, இவ ஏன் கோவப்படுதா?" அவள் ஒவ்வொருவருக்கும் சொன்னாள். கையை ஆட்டி, குரலை மாற்றி, அந்தக் கிணற்றடித் தமிழிலேயே சொன்னாள். இப்போது அந்தத் தமிழுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை, அவள் சொன்ன கதைக்குச் சிரித்தார்கள். என் மகளுக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்பது எனக்கே செய்தி.

அப்புறம் சாப்பாட்டுக்கூடம் வந்தது. தொடரில் ஒரு பெண், கண்ணாடி போட்டவள், கையில் தட்டோடு ஒவ்வொரு மேசையாகப் போகிறாள். எங்கே போனாலும் பக்கத்து நாற்காலியில் பையை வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பைக்கும் ஒரு சிரிப்பு. கடைசியில் அவள் துடைப்பம் வைக்கிற அறைக்குள் போய், கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அதற்குப் பெரிய சிரிப்பு.

"ஏம்மா, அந்தப் பிள்ளைக்கு ஏன் ஒருத்தரும் இடம் கொடுக்க மாட்டாவ?" என்று மதினி கேட்டாள்.

"மேசையெல்லாம் ஆளாளுக்குன்னு இருக்கும் அத்தை. நம்ம இஷ்டத்துக்கு உக்கார முடியாது. ஆனா இது பொய். துடைப்பம் வைக்க ரூம் எப்பவும் பூட்டித்தான் இருக்கும். மாடிப்படிக்கு அடியில சாப்பிடலாம். அங்கன யாரும் வர மாட்டாவ."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அங்கனதான் சாப்பிடுதேன்" என்றாள் வடிவு. மணி என்ன என்று கேட்டால் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

டிவி மட்டும் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. அண்ணன் எழுந்து போய் அதை அணைத்தான்.

5

"சொல்லு தாயி" என்றார் தாசில்தார் அண்ணாச்சி. அவர் குரலே இறங்கியிருந்தது. "பிள்ளைங்க இதைப் பாக்கலாமா?"

"கூடாது. ஒரு பிள்ளை சோறு திங்க இடமில்லாம நிக்கு. அதைப் பாத்துச் சிரின்னு சொல்லிக் கொடுக்கு. இதை விட வேற என்ன காரணம் வேணும்?" என்றேன்.

செல்லத்துரை தலையாட்டினார். மறுநாளே மாற்றிவிடுவதாகச் சொன்னார். கூட்டம் கலைந்தது. வடிவு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ?"

"சரி, ஒன்னைய மாதிரிப் பிள்ளையப் பாத்துச் சிரிக்கான். அதை எதுக்கு தினமும் உக்காந்து பாக்க?" என்று கேட்டேன்.

"மறுநாள் ஸ்கூல்ல எல்லாரும் அதைப் பத்தித்தான் பேசுவாங்கம்மா. யாராவது எங்கிட்ட கேட்டா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

"யாராவது கேட்டாவளா?"

"இன்னும் இல்ல."

பாளையங்கோட்டை மாடியில் காற்று ஆளைத் தள்ளியது. கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்கிற சாக்கில் நான் திரும்பிக்கொண்டேன். ஒரு கேள்விக்காகப் பதிலைத் தயார் செய்துகொண்டு தினமும் பள்ளிக்கூடம் போகிறாள் என் பிள்ளை. அந்தக் கேள்வியை ஒருத்தி, ஒரே ஒருத்தி கேட்டால் என்ன குறைந்துவிடும் அவளுக்கு?

மறுநாள் ஆறரை மணிக்கு எட்டுப் பத்துப் பிள்ளைகள் கால் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். என் தீர்ப்பு அவர்கள் காதுக்குப் போகவில்லை. "வடிவக்கா, அந்த பரோட்டாக்காரன் என்ன ஆனான்?" என்று ஒரு பொடிசு கேட்டது. பகவதி டிவியைப் போட்டாள். அந்த எண்ணில் யாரோ சேலை விற்றுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் சேலை பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். பகவதிக்கும் டியூஷன். வடிவு மாடிப்படியில் போய் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள்.

நீதிபதி கூடத்தில் தனியாக நின்றாள்.

6

செல்லத்துரையிடம் போனேன். "அக்கா, எனக்கு ஒண்ணுமில்ல, ஒரு நிமிசத்துல மாத்திருவேன். ஆனா அண்ணாச்சி முன்னால முடிவானது. அவங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். ஒஹாயோவில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அடுத்த ஜன்னலுக்குப் போ என்பார்கள். நம் ஊரில் ஜன்னல் இல்லை, அடுத்த வீடு.

தாசில்தார் அண்ணாச்சி வாசலில் நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தார்.

"தீர்ப்பு சொல்லி முழுசா ஒரு நாள் ஆகல. அதுக்குள்ள அப்பீலா? நேத்து கெட்டது, இன்னைக்கு நல்லதா ஆயிட்டா?"

"இன்னைக்கும் கெட்டதுதான் அண்ணாச்சி. ஆனா என் மவ அதை வச்சுத்தான் நாலு பேருகிட்ட பேசுதா. அங்கன அவளுக்குப் பேச ஒரு ஆளு இல்ல. இங்கனயாவது பேசட்டும்."

பதவியும் கௌரவமும் அதோடு போயிற்று. அவர் விசிறியை மடியில் வைத்தார்.

"நீ எப்ப கிளம்புத?"

"இன்னும் மூணு வாரம் இருக்கு."

"அதுவரைக்கும் ஓடட்டும். ஒன் மவ சொல்லிக் கொடுத்தா பிள்ளைங்க பாக்கலாம். அவ இல்லாம ஒருத்தரும் போடக் கூடாது. செல்லத்துரைகிட்ட நான் சொல்லுதேன்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நானும் வருவேன். அந்த வாத்தியாரு என்னைக்காவது அவனைக் கீழ எறக்குதாரான்னு பாக்கணும்" என்றார்.

கடைசி வரை இறக்கவில்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் ஆறரை மணி ஆனால் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. மதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுவாள். அந்தக் கண்ணாடிப் பெண் தட்டோடு வரும்போதெல்லாம், "ஏட்டி, இங்கன வந்து உக்காரு, நாங்க இருக்கோம்லா" என்று மதினி டிவியைப் பார்த்துச் சொல்வாள். உடனே எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள். அது அவர்களாகக் கண்டுபிடித்த விளையாட்டு. வடிவு அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவளுக்கு இரண்டு பக்கமும் ஆள். ஒரு நாள் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்ததும் அவள் என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். ஆறரைக்குள் போக வேண்டுமாம், பிள்ளைகள் காத்திருப்பார்களாம். தனக்காக யாரோ காத்திருக்கிறார்கள் என்று என் மகள் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

7

ஒஹாயோவுக்குத் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம், வடிவுக்குத் தெரியாமல் அவள் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். மத்தியானம் மகளோடு உட்கார்ந்து சாப்பிட அனுமதி உண்டா என்று கேட்டேன். உண்டு என்று சிரித்த முகமாகச் சொன்னார்கள். வருகையாளர் என்று எழுதிய ஒட்டுச் சீட்டைச் சட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பெரிய காரியம் சாதித்த மாதிரி இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "வராதம்மா. தயவுசெஞ்சு வராத. நீ வந்தா இன்னும் மோசமாயிரும்."

"அப்ப நான் என்னதான்ட்டி செய்யட்டும்?"

"நான் சாப்பிடுத நேரத்துக்கு நீயும் சாப்பிடு. அம்மாவும் இப்ப சாப்பிடுதான்னு நெனச்சுக்கிடுதேன்" என்றாள்.

அவர்களுக்குப் பதினொன்றரை மணிக்கே மத்தியானச் சாப்பாடு. நான் மேற்பார்வையாளரிடம் சொல்லி என் இடைவேளையை மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் படிக்கு அடியில் டப்பாவைத் திறக்கிற நேரத்தில் நானும் திறக்கிறேன். அவளுக்கு எது கட்டினேனோ அதையேதான் எனக்கும் கட்டுகிறேன். தயிர்ச்சாதம் என்றால் இரண்டு பேருக்கும் தயிர்ச்சாதம்.

போன வாரம் திடீரென்று கேட்டாள். "அம்மா, நீ யாரு கூடச் சாப்பிடுத?"

"நாங்க நாலு பேரு, ஒரே மேசை" என்றேன். பெயர் கேட்டாள். பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிற மூன்று பேர் பெயரைச் சொன்னேன்.

"என்ன பேசுவீங்க?"

"என்னத்தப் பேச? டிவியில வர காமெடியப் பத்தித்தான்."

"பாத்தியா? நான் சொன்னேன்லா? அதான் பாத்து வச்சுக்கிடணும்ங்கது" என்றாள். எவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில்! தான் போகிற வழி சரிதான், அம்மாவுக்குப் பலித்திருக்கிறது, தனக்கும் பலிக்கும் என்கிற சந்தோஷம். அன்றைக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த வாரம் நான் பார்க்காமல் விட்ட கதை முழுவதையும் சொன்னாள். நாளைக்கு மேசையில் பேச்சு வந்தால் நான் முழிக்கக் கூடாதாம்.

நான் ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். இந்தப் பதினோரு வருஷமும் அப்படித்தான். பனி விழுந்தால் எஞ்சினை ஓட விட்டுக்கொள்வேன். இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. வடிவுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.